ஒரு நபர் கம்பெனிக்கு இரண்டாவது நபர்

தொழில் செய்கிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். செய்து நொடித்தவர்களையும் பார்த்திருப்பீர்கள். இந்த இரு சாராருக்கும் இடையே, செழிப்பதற்கும் வழியில்லாமல் நொடிப்பதற்கும் வழியில்லாமல், மூன்றாவதாக ஒரு சாரார் மிகுந்த மும்முரத்தோடு நம்மிடையே நடமாடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் தொடங்கப்போகிறவர்கள்.

கண்டுகொள்வது எளிது. தொடங்கப்போகிறவரிடம் கடை இருக்காது, கல்லாப்பெட்டி இருக்காது, வாங்குகிற ஆள் ஒருவர்கூட இருக்க மாட்டார். ஆனால் கெட்டி அட்டை போட்ட ஒரு நோட்டு இருக்கும், அதில் அடிக்கோல் வைத்துக் கோடு கிழித்த நான்கு பத்திகள் இருக்கும், பத்திகளின் உச்சியில் தனி உரிமை, கூட்டு, எல்.எல்.பி., கம்பெனி என்று சிவப்பு மையில் எழுதியிருக்கும், ஒவ்வொன்றின் கீழும் நன்மைகள் நீல மையிலும் தீமைகள் பச்சை மையிலும் வரிசைகட்டி நிற்கும். என்ன விற்கப்போகிறீர்கள் என்று அவரைக் கேட்டுப் பாருங்கள். அதைச் சொல்ல மாட்டார். எந்தச் சட்ட அமைப்பில் விற்கப்போகிறார் என்பதைச் சொல்வார். அதையும் முடிவாகச் சொல்ல மாட்டார்.

அவருக்கு இரண்டே வாசகங்கள். "நாளைக்கே பெருசா வளந்துட்டா என்னா பண்றது?" என்பது ஒன்று. "நாளைக்கே எவனாச்சும் கேஸ் போட்டுட்டா என்னா பண்றது?" என்பது மற்றொன்று. ஒரே மனிதர், ஒரே மூச்சில், ஒரு மூட்டைகூட விற்காத நிலையில், உலகச் சந்தையையும் உயர் நீதிமன்றத்தையும் ஒருங்கே எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறார் என்றால், அந்த மனத்தின் விரிவை வியக்காமல் இருக்க முடியுமா?

மரக்காணத்து ஆதிமூலம் இந்த வகையின் முழு வளர்ச்சி பெற்ற மாதிரி. வயது நாற்பத்து நான்கு. உப்பு வியாபாரி ஒருவரின் எடைமேடையில் பதினெட்டு ஆண்டுகள் குமாஸ்தாவாக இருந்தவர். காலி லாரியை ஏற்றி ஓர் எடை, சரக்கு லாரியை ஏற்றி ஓர் எடை, இரண்டையும் கழித்து ஒரு சீட்டு. அந்தச் சீட்டில் ஒரு கிலோ பிசகியதாக எந்த ஓட்டுநரும் சொன்னதில்லை. எடை போட்டுத் தீராத எதையும் வாசலைத் தாண்ட விடக் கூடாது என்ற பழக்கம் அவருக்கு எலும்பில் ஏறிவிட்டது. லாரிக்கு அது நல்ல பழக்கம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்னே அவர் வேலையை விட்டார். அவர் மனத்தில் ஒரு யோசனை இருந்தது. அது நல்ல யோசனை என்பதை இங்கே நேர்மையாகப் பதிந்துவிட வேண்டும். சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரை மென்மையாக்கும் இயந்திரங்கள் இருக்கின்றன. அந்த இயந்திரங்களைக் கழுவிச் சீராக்க மாதந்தோறும் மூட்டை மூட்டையாகக் கல் உப்பு தேவைப்படுகிறது. மரக்காணத்தில் கல் உப்புக்கு என்ன பஞ்சம்? கிழக்குக் கடற்கரைச் சாலையில் லாரி ஏறினால் மூன்று மணி நேரம். ஒரே ஆள் நடத்தக்கூடிய தொழில்; இடையில் எவரும் இல்லை.

ஒரே ஆள். அங்கேதான் சிக்கல் தொடங்கியது.

முதலில் அவர் தனி உரிமையை ஆராய்ந்தார். அதற்குத் தனியாகப் பதிவு என்று ஒன்றும் வேண்டாம், விற்கத் தொடங்கினால் போதும் என்று படித்ததுமே அவருக்கு அதன்மேல் மதிப்புக் குறைந்துவிட்டது. பதிவே வேண்டாத ஓர் அமைப்பு ஓர் அமைப்பா? மேலும் படித்தபோது, தனி உரிமையில் தொழிலும் முதலாளியும் ஒன்று, தொழிலில் கடன் வந்தால் முதலாளியின் சொந்தச் சொத்துக்கும் ஆபத்து என்ற வரி கண்ணில் பட்டது. அன்று முழுவதும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. சொந்தச் சொத்து என்று அவருக்கு இருந்தது என்ன? குடியிருந்த வீடு அவருடைய மனைவி தையல்நாயகியின் பெயரில், மாமனார் எழுதிக்கொடுத்தது. ஆதிமூலத்தின் பெயரில் பதிவாகியிருந்தது ஒரு பழைய மொபெட். அந்த மொபெட்டைக் கடன்காரர்களிடமிருந்து காக்கும் கோட்டை எது என்பதுதான், சரியாகப் பார்த்தால், அவருடைய இரண்டாண்டு ஆராய்ச்சி.

கூட்டுக்கு இரண்டு பேர் வேண்டும். கடன் பொறுப்புக்கு வரம்புள்ள கூட்டான எல்.எல்.பி.க்கும் இரண்டு பேர் வேண்டும். பிரைவேட் லிமிடெட்டுக்கும் அப்படியே. நோட்டின் நாற்பதாவது பக்கத்தில், ஓராண்டுத் தேடலுக்குப் பின்னே, அவர் ஒரு நபர் கம்பெனியைக் கண்டடைந்தார். ஒரே ஆள், ஆனால் கம்பெனி. கம்பெனி வேறு, ஆள் வேறு. கம்பெனி மூழ்கினாலும் மொபெட் கரையேறும். இதைப் படித்த மாலையில் அவர் வீட்டுக்கு அல்வா வாங்கி வந்தார் என்று தையல்நாயகி இன்றும் சொல்கிறாள்.

தையல்நாயகியைப் பற்றி இரண்டு வார்த்தை. உப்பு மூட்டை கட்டும் கொட்டகை ஒன்றில் பன்னிரண்டு ஆண்டுகளாக வேலை செய்கிறவள். சாக்கு நிரப்புவாள், வாய் தைப்பாள், வண்டிக்குக் கணக்குச் சொல்வாள். கணவரின் ஆராய்ச்சியை அவள் கேலி செய்ததில்லை. இந்த ஆண்டு ஆனி மாதம், உப்பு நன்றாக விளைந்து விலை மலிந்த நேரத்தில், ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்: "அமைப்பு மெதுவா வரட்டும்ங்க. உப்பையாச்சும் வாங்கிப் போடுங்க."

வாங்கிப் போட்டார். வேலையை விட்டபோது கிடைத்த தொகை முழுவதும் முந்நூறு மூட்டைக்குக் காணும் ஒரு வெள்ளைக் குவியலாகி, சாலையோரத்து உப்பளத்தின் வரப்பை ஒட்டி நின்றது. அதன் முன்னே நிறுத்தி வைக்க எட்டடி நீளத்தில் ஒரு தகரப் பலகைக்கும் சொன்னார். பெயிண்டர் வந்து "ஆதிமூலம் சால்ட்" என்று எழுதிவிட்டு, அடுத்து என்ன என்று கேட்டார். ஆதிமூலம் யோசித்தார். லிமிடெட் என்று வந்தால் ஓர் அளவு, பிரைவேட் லிமிடெட் என்று வந்தால் ஓர் அளவு, முன்னால் ஒரு நபர் கம்பெனியைக் குறிக்கும் ஓ.பி.சி. என்று சேர்க்க வேண்டியிருந்தால் இன்னும் கொஞ்சம். ஆகவே நான்கு அடி காலியாக விடச் சொன்னார். எட்டடிப் பலகையில் நான்கடி பெயர், நான்கடி வெறும் மஞ்சள். சாலையில் போகிறவர்கள், பாதியில் பெயிண்ட் தீர்ந்துபோயிற்று என்று நினைத்துக்கொண்டு போனார்கள்.

அந்தப் பலகைதான் சரண்யாவை நிறுத்தியது. பழைய மகாபலிபுரம் சாலையில் பெரிய குடியிருப்பு ஒன்றின் சங்கச் செயலாளர் அவர். புதுச்சேரிக்குக் காரில் போய்க்கொண்டிருந்தார். இறங்கினார், கல் உப்பை அள்ளிப் பார்த்தார், மாதம் நாற்பது மூட்டை வேண்டும் என்றார். இப்போது உப்பு கொடுக்கிறவரின் ஒப்பந்தம் புரட்டாசியோடு முடிகிறது. முதல் லோடு அதற்குள் வந்து சேர வேண்டும், கூடவே முறையான ஒரு பில் வேண்டும். அவ்வளவுதான்.

உங்களுக்கும் எனக்கும் அது அவ்வளவுதான். ஆதிமூலத்துக்கோ, பில் என்றால் பெயர். பெயர் என்றால் அமைப்பு. அமைப்பு என்றால் நோட்டின் முதல் பக்கம். ஐப்பசி பிறந்தால் மழை. மழை வந்தால் முந்நூறு மூட்டையும் வரப்போடு கரைந்து, எந்த அளத்திலிருந்து வந்ததோ அந்த அளத்துக்கே திரும்பிப் போய்விடும். இது எடைமேடைக்காரருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் ஆராய்ச்சியை இரட்டிப்பு வேகத்தில் நடத்தினார்.

கம்பெனி வேறு, தான் வேறு என்ற நெறியை அவர் கம்பெனி பிறக்கும் முன்னரே கடைப்பிடிக்கத் தொடங்கினார். வீட்டிலிருந்த இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளில் நீல நாற்காலி கம்பெனிக்கு ஒதுக்கப்பட்டது. அதில் உட்கார்ந்து அவர் வெற்றிலை போட மாட்டார். தொலைபேசியில் கம்பெனி விஷயம் வந்தால் சிவப்பு நாற்காலியிலிருந்து எழுந்து நீல நாற்காலிக்குப் போய்விட்டுத்தான் பேசுவார். ஆவணி மாதம் சரண்யா அழைத்து, லோடு எந்தத் தேதிக்கு வரும் என்று கேட்டபோது அப்படித்தான் பேசினார்.

"மேனேஜ்மென்ட்ல கேட்டுட்டு சொல்றேங்க."

"மேனேஜ்மென்ட்ல யார் சார் இருக்காங்க?"

"நான்தாங்க."

சரண்யா மிகுந்த பொறுமையோடு, "அப்ப கேட்டுட்டே சொல்லுங்க சார், நான் லைன்லயே இருக்கேன்" என்றார்.

ஆதிமூலம் கேட்டுச் சொல்லவில்லை. முறைப்படி கூட்டம் போட்டு முடிவெடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வைத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நீல நாற்காலியில் இயக்குநர் குழுவின் ஒத்திகைக் கூட்டம் நடந்தது. நடவடிக்கைக் குறிப்பு அந்த நோட்டில் இன்றும் இருக்கிறது. தலைமை: ஆதிமூலம். வருகை: ஆதிமூலம். வராதவர்: எவருமில்லை. சென்னைக் குடியிருப்புக்கு நாற்பது மூட்டை அனுப்பலாம் என்று ஆதிமூலம் முன்மொழிந்தார். கம்பெனியே இன்னும் உருவாகாத நிலையில் கம்பெனியின் பெயரால் அனுப்புவது எவ்வாறு என்று ஆதிமூலம் ஆட்சேபம் தெரிவித்தார். ஆட்சேபத்தில் நியாயம் இருப்பதாகத் தலைவர் கருதினார். தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது.

டீ கொண்டுவந்த தையல்நாயகி, "கம்பெனிக்கும் சேர்த்து ஒரு டம்ளர் போதுமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

கூட்டம் ஒத்திவைக்கப்பட்டதற்கு உண்மையான காரணம் வேறு. ஒரு நபர் கம்பெனியின் விதிகளை அவர் வரிவரியாகப் படித்து வந்தபோது, எவரும் எதிர்பாராத இடத்தில் இரண்டாவது நபர் ஒருவர் குறுக்கிட்டார். அந்த ஒரு நபர் இறந்துபோனால், அவர் இடத்துக்கு வந்து கம்பெனியை ஏற்றுக்கொள்ளப்போகும் நாமினி யார் என்று முன்கூட்டியே எழுதியாக வேண்டும். அந்த நாமினி, ஆம், எனக்குச் சம்மதம் என்று கையெழுத்தும் போட வேண்டும். ஆகவே ஆதிமூலம் தம்முடைய மரணத்துக்கு எழுத்துமூலம் சம்மதிக்கும் ஒருவரைத் தேடி மரக்காணத்தில் புறப்பட்டார்.

முதலில், ஆடி மாதத்திலேயே, இயல்பாகவே, தையல்நாயகி. படிவத்தை அவள் முன் வைத்து, விரலை வைத்துக் காட்டி, வரி வரியாக விளக்கினார். அவள் சாக்குத் தைக்கும் கோணி ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"இதுல என்னா எழுதியிருக்குது?"

"நான் இறந்துட்டா நீ எடுத்துக்கறதா எழுதியிருக்குது."

"ஆடி மாசத்துல கொண்டாந்து நீட்டுறீங்களே."

"அப்ப ஆவணில போடுறியா?"

"எந்த மாசத்துலயும் போட மாட்டேன். நீங்க செத்துப்போனா எனக்கு நல்லதுதான்னு நானே கையெழுத்துப் போடணுமா? வேற ஆளப் பாருங்க."

ஆவணி வந்தது, படிவமும் மீண்டும் வந்தது. பதில் மாறவில்லை.

வேறு ஆளைப் பார்த்தார். தம்பி உறவில் ஒருவர், முதல் கேள்வியாக, ஆதிமூலம் உயிரோடு இருக்கும்வரை தனக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றதும், அப்படியானால் அண்ணன் நெடுநாள் வாழட்டும் என்று வாழ்த்திவிட்டுப் போய்விட்டார். கடைசியில் ஆதிமூலம் மினி லாரி வைத்திருக்கும் அந்தோணிசாமியிடம் போனார். உப்பு ஏற்றுகிறவர், இருபதாண்டுப் பழக்கம், எடைமேடையில் ஏறி இறங்கி நண்பரானவர். விஷயத்தைக் கேட்டு முடிப்பதற்குள் அந்தோணிசாமி சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டார்.

"எங்க போடணும் சொல்லுணா."

ஆதிமூலத்துக்கு நெஞ்சு சற்றுக் குளிர்ந்தது. ஆனால் அந்தோணிசாமி கையெழுத்துப் போடும் முன் அக்கறையோடு ஒன்று கேட்டார்:

"சுகர்லாம் எப்படிணா இருக்குது இப்ப?"

இதைவிட அன்பான கேள்வி ஒன்று உண்டா? சாதாரண நாளில் இல்லை. அந்த நாளில், அந்தப் படிவத்தின்மேல் குனிந்த முகத்தோடு, பேனாவைத் திறந்துகொண்டு கேட்டபோது, ஆதிமூலத்துக்கு அது வேறு மாதிரி ஒலித்தது. சர்க்கரை சரியாகத்தான் இருக்கிறது என்றார். கொஞ்சம் அழுத்தியே சொன்னார். படிவத்தைத் திரும்ப வாங்கி மடித்து, கம்பெனிப் பெயருக்கு ஒப்புதல் வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு மொபெட்டை உதைத்தார். மறுநாள் காலை வெறும் வயிற்றில் போய் இரத்தப் பரிசோதனையும் செய்துகொண்டார்.

புரட்டாசி பாதி கழிந்தது. கடலின் பக்கம் மேகம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குவிந்தது. பக்கத்து அளக்காரர்கள் தங்கள் குவியல்களைப் பனையோலையாலும் தார்ப்பாயாலும் மூடிக் கயிறு கட்டிவிட்டார்கள். ஆதிமூலத்தின் குவியல் மட்டும் வெள்ளையாக, பளிச்சென்று, தலையில் ஒன்றுமில்லாமல் நின்றது. அவருக்கு அக்கறை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். தார்ப்பாய்க் கடைக்கு அவர் மூன்று முறை போய்வந்தார். மூன்று முறையும் கடைக்காரர் பில் யார் பேரில் போடுவது என்று கேட்டார். தார்ப்பாய் கம்பெனியின் சொத்து. கம்பெனி இன்னும் பிறக்கவில்லை. தம் பெயரில் வாங்கினாலோ தனி உரிமை என்று ஆகிவிடுமோ? மூன்று முறையும் வெறுங்கையோடு திரும்பினார்.

சரண்யாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. கோபமில்லாத செய்தி, அதனாலேயே கலங்கவைத்த செய்தி. வெள்ளிக்கிழமைக்குள் லோடும் பில்லும் வந்து சேராவிட்டால் சங்கம் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும். தவறாக நினைக்க வேண்டாம்.

வியாழக்கிழமை காலை ஆதிமூலம் திண்டிவனத்துக்குப் பஸ் ஏறினார். அங்கே தட்சணாமூர்த்தி என்றோர் ஆடிட்டர். ஆதிமூலம் பார்க்கப்போகும் மூன்றாவது ஆடிட்டர் இவர். முதல் இருவரும் இரு வேறு அமைப்புகளைச் சொன்னார்கள், ஆகவே சமநிலையை உடைக்க ஒரு மூன்றாமவர் தேவைப்பட்டார். மடியில் நோட்டு, நோட்டில் முப்பத்தேழு கேள்விகள். பெருமுக்கல் தாண்டும்போது மலைக்கு மேலே வானம் சாம்பல் நிறமாக இருண்டிருந்ததைப் பார்த்தார். கேள்விகளை இன்னும் வேகமாக வாசித்துக்கொண்டார்.

காத்திருக்கும் அறையில் உட்கார்ந்திருக்கும்போதே மழை பிடித்தது. திண்டிவனத்தில் பெய்கிற மழை மரக்காணத்திலும் பெய்ய வேண்டும் என்ற சட்டம் எதுவும் இல்லை என்று அவர் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். ஆனால் கண்ணை மூடினால் குவியல் தெரிந்தது. உச்சி மழுங்கி, தோள் சரிந்து, அடியில் வாய்க்கால் வாய்க்காலாக ஓடியது. பதினெட்டு ஆண்டுகள் எடை போட்ட மூளை, நிமிடத்துக்கு எத்தனை கிலோ கரையும் என்று தானாகவே கணக்குப் போட்டது. அழைத்தபோது நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தார்.

தட்சணாமூர்த்தி முதல் பதினோரு கேள்விகள்வரை பொறுமையாகக் கேட்டார். பன்னிரண்டாவதில் கையை உயர்த்தினார்.

"இதுவரைக்கும் எத்தன மூட்ட வித்திருக்கீங்க?"

"அமைப்பு முடிவானதும்தான் சார் விக்கணும்."

"ஒரே ஒரு மூட்டய வித்துடுங்க. வித்த நிமிஷமே நீங்க தனி உரிமையாளர். உப்புக்கு ஜி.எஸ்.டி.யும் கிடையாது. நாளைக்குப் பெருசா வளந்துட்டா கம்பெனியா மாத்திக்கலாம், அதுக்குத்தானே நான் போர்டு மாட்டி உக்காந்திருக்கேன்?"

"யாராச்சும் கேஸ் போட்டுட்டா சார்?"

"யாரு? தண்ணி மெஷினா?"

ஆதிமூலம் பதில் சொல்ல வாயெடுத்தபோது கைப்பேசி அதிர்ந்தது. சரண்யா. "லோடு வந்துடுச்சு சார். உப்பு ரொம்ப சுத்தமா இருக்கு. பில்லும் கிடைச்சுது. நன்றி." கீழே ஒரு படம்.

எந்த லோடு? அவருடைய உப்பு மரக்காணத்தில் அல்லவா கரைந்துகொண்டிருக்கிறது? படத்தை விரலால் விரித்துப் பார்த்தார். பில்லின் உச்சியில் பெரிய எழுத்தில், "ஆதிமூலம் சால்ட், மரக்காணம்". ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவர் உடம்பெல்லாம் சிலிர்த்தது: கம்பெனி தானாகவே பிறந்துவிட்டது. கம்பெனி வேறு, தான் வேறு என்பது இவ்வளவு உண்மையா? பிறகு அடியில் இருந்த ஊதா நிற ரப்பர் முத்திரை கண்ணில் பட்டது. உரிமையாளர்: தையல்நாயகி.

மீதி இருபத்தைந்து கேள்விகளை அவர் கேட்கவில்லை. தட்சணாமூர்த்தி அதற்காகவே கட்டணம் வாங்காமல் விட்டார்.

பஸ் மரக்காணத்தில் நின்றபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. குடையை விரிக்கவும் தோன்றாமல் அளத்துக்கு நடந்தார். குவியல் இருந்த இடத்தில் நீலநிறத் தார்ப்பாய் ஒன்று பெரிய முதுகுபோலக் குனிந்து கிடந்தது. நான்கு ஓரமும் கல் வைத்து இறுக்கியிருந்தது. கடற்காற்று அடிக்கும் பக்கத்தில் தார்ப்பாய் பறந்துவிடாதபடி, எட்டடித் தகரப் பலகையைப் படுக்கப்போட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். பலகையின் மேல் மழை விழுந்து, "ஆதிமூலம் சால்ட்" என்ற நான்கடியைத் தாண்டி, காலியாயிருந்த நான்கடியில் தேங்கி, ஓரத்தில் வழிந்தது. அவர் தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கிக் கையை விட்டுப் பார்த்தார். உப்பு உலர்ந்திருந்தது. கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்துக்கூடப் பார்த்தார். ஏன் என்று அவருக்கும் தெரியாது.

பக்கத்துத் தகரக் கொட்டகையில் தையல்நாயகி மூட்டைகளின் மேல் உட்கார்ந்து கூந்தலைத் துவட்டிக்கொண்டிருந்தாள். ஆதிமூலம் நனைந்த கோழி மாதிரி வாசலில் நின்றார். கோபப்படுவதா, கும்பிடுவதா என்று தீர்மானிக்க அவருக்கு இன்னும் இரண்டு பத்தி தேவைப்பட்டது.

நடந்ததை அவள் ஆற அமரச் சொன்னாள். போன வாரம் ஒரு நாள் அவள் வேலை செய்யும் கொட்டகைக்கு விடுமுறை. இ-சேவை மையத்துக்குப் போனாள். அங்கே கிருபா என்ற பெண் கணினியில் இருந்தாள். ஆதார் அட்டையை வாங்கி ஏதேதோ தட்டினாள். அரை மணி நேரத்தில் சிறுதொழில் பதிவுச் சான்றிதழ் ஒன்று அச்சாகி வந்தது. பில் புத்தகம் ஒன்றும் முத்திரை ஒன்றும் அச்சகத்தில். இன்று விடிந்ததும், நோட்டிலிருந்து முன்பே எழுதிவைத்த சரண்யாவின் விலாசத்துக்கு, அந்தோணிசாமி வண்டியில் நாற்பது மூட்டை, மீதிக்குத் தார்ப்பாய். தார்ப்பாய்க் கடைக்காரர் பில் யார் பேரில் என்று கேட்டதற்கு, மழைக்கு முன்னே யார் பேரில் கொடுத்தாலும் சரி என்றாளாம்.

ஆதிமூலத்துக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

"அமைப்பு என்னான்னு போட்ட?"

"அந்தப் பொண்ணு கேட்டுச்சு, தனியாளா, கூட்டான்னு. தனியாள்னேன். அடுத்த கேள்விக்குப் போயிடுச்சு."

இரண்டு ஆண்டுகள். நான்கு பத்திகள். மூன்று மைகள். தனியாள்.

"வீடு உன் பேர்ல இருக்குதே," என்றார் அவர், குரல் இறங்கி. இழக்கத் தமக்கு ஒரு மொபெட்தான் இருந்தது என்பதும், அவளுக்கு ஒரு வீடே இருந்தது என்பதும் அப்போதுதான் அவருக்கு முதன்முறையாக ஒன்றாகத் தோன்றின. "நாளைக்கே எவனாச்சும் கேஸ் போட்டுட்டா?"

"போட்டா போய்ப் பதில் சொல்றேன். உப்பு உப்பாத்தானே இருக்குது." துண்டை உதறினாள். "இது கரைஞ்சு போயிருந்தா, வீட்ட வெச்சுக்கிட்டு உங்க மூஞ்சியவா பாத்துட்டு இருக்க முடியும்?"

பிறகு அவளே, ஏதோ மறந்துபோனதைச் சொல்கிறவள் மாதிரி, பாங்கில் கணக்குத் திறந்ததையும் சொன்னாள். அந்தப் படிவத்திலும் நாமினி என்று ஒரு கட்டம் இருந்ததாம். "உங்க பேரப் போட்டுட்டேன்."

ஆதிமூலம் நிமிர்ந்தார். ஒரு கையெழுத்துக்காக ஆடியிலும் ஆவணியிலும் கெஞ்சிய மனிதர் அல்லவா? "எனக்குக் கையெழுத்துப் போடச் சொன்னப்ப மட்டும் மாட்டேன்னுட்ட?"

"நீங்க சாவீங்கன்னு எழுதுன தாளுல போட மாட்டேன்னேன்." அவள் எழுந்து, கிடந்த சாக்கு ஒன்றை அவர் தலையில் போர்த்திவிட்டாள். "நான் சாவேன்னு எழுதுறதுக்கு எனக்கு என்னா வந்துச்சு? துவட்டுங்க மொதல்ல."

இப்படியாக, ஒரு நபர் தொழிலுக்கு இரண்டாவது நபரைத் தேடி ஊரெல்லாம் அலைந்தவர், கடைசியில் அந்த இரண்டாவது நபராகத் தாமே அமர்ந்தார். சம்மதக் கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று மட்டும் கேட்டார். வேண்டியதில்லை என்று சொன்னதும் அவர் முகம் சிறிது வாடியது.

தொழிலில் தமக்கு என்ன பதவி என்று அவர் அன்று மாலையே கேட்டார். காலை ஆறு மணிக்கு மூட்டை தைக்க வரவேண்டும் என்பது பதில். வந்தார். அந்தப் பலகை இப்போது நிமிர்ந்து நிற்கிறது. போகிற வழியில் நீங்கள் பார்க்கலாம். அவர் காலியாக விட்ட நான்கடியில் பெயிண்டர் "உரிமையாளர்: தையல்நாயகி" என்று எழுதினார். அளவெடுத்ததுபோல் பொருந்தியது. இடம் விட்டது நல்லதாயிற்று என்று ஆதிமூலம் எல்லோரிடமும் சொல்கிறார்.

ஆனால் ஒரு வகை அவ்வளவு எளிதில் அழிந்துவிடுமா? ஐந்தாவது நாள், மூன்றாவது மூட்டையின் வாயைத் தைக்கும்போது, ஊசியை நிறுத்திவிட்டு அவர் அந்தோணிசாமியிடம், ஒரு மூட்டைக்கு ஒன்பது தையலா, பதினொன்றா, எது பாதுகாப்பு என்று கேட்டார். ஏதோ ஒன்று போடுணா, வண்டி நிக்குது என்றார் அந்தோணிசாமி. ஆதிமூலம் இடுப்பிலிருந்து புதிய நோட்டு ஒன்றை உருவினார். அடிக்கோலும் இருந்தது. நான்கு பத்திகள் கிழித்து முடித்த வேளையில் கொட்டகைக்குள்ளிருந்து குரல் வந்தது: "ஏங்க, தைங்க."

நீங்கள் இதுவரை புன்னகையோடு படித்து வந்திருப்பீர்கள். உங்களிடம் உப்பு இல்லை, உங்களுக்குக் கம்பெனி தொடங்கும் எண்ணமும் இல்லை; ஆகவே இது உங்களைப் பற்றியது அன்று. நல்லது. நல்ல செருப்பு வாங்கியபின் காலை நடைக்குப் போகலாம் என்று இருக்கிறீர்கள். வீட்டை வெள்ளையடித்தபின் அக்காவைச் சாப்பிடக் கூப்பிடலாம் என்று இருக்கிறீர்கள். சரியான வார்த்தை அமைந்தபின் அந்த ஒரு கடிதத்தை எழுதலாம் என்று நான்கு ஆண்டுகளாக இருக்கிறீர்கள். இருக்கட்டும். உங்கள் மேசை இழுப்பறையைத் திறந்து, பாதி எழுதிய அந்தப் பலகையை மட்டும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பெயருக்குப் பின்னே எத்தனை அடி விட்டிருக்கிறீர்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். பிறகு அப்படியே சன்னல் பக்கமும் ஒரு பார்வை. மழை மரக்காணத்துக்கு மட்டும் வருவதில்லை.